உள்ளே விட்ட கலம் எங்கே போனது? ஸ்டெம் செல், இரும்புத் துணிக்கை, எம்.ஆர்.ஐ.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாதம் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் எம்.ஆர்.ஐ. பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குக் கண்டியில் ரேடியோகிராபர் வேலை; பிறந்து வளர்ந்தது தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்து லய வீட்டில். பேசி முடித்ததும் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதித் தரச் சொன்னேன். பாதிக்கு மேல் ஸ்டெம் செல் பற்றியே வந்தன. அந்த வாரம்தான் “ஒரே ஊசியில் முழங்கால் வலி போகும்” என்ற விளம்பரம் வாட்ஸ்அப்பில் தோட்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டதால் அன்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஸ்டெம் செல் என்றால் என்ன, சுருக்கமாக?

இன்னும் ஒரு வேலையில் சேராத கலம். தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும். தேவைப்பட்டால் குருதிக் கலமாகவோ என்புக் கலமாகவோ மாறும். எலும்பு மச்சையில் இருக்கும் குருதி ஸ்டெம் செல்தான் நமக்கு நன்றாகத் தெரிந்தது. இரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் மச்சை மாற்றுச் சிகிச்சை அதை வைத்துத்தான் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் மெசென்கைமல் கலங்கள் வேறு வகை. விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் இவைதான்.

ஊசி போட்ட இடத்தில்தானே இருக்கும்? எதற்குத் தேட வேண்டும்?

இந்தக் கேள்வியை எழுதிய பிள்ளைக்கு ஒரு சபாஷ். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

நாளத்தில் ஏற்றும் மெசென்கைமல் கலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாளக் குருதி இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. இந்தக் கலங்கள் பருமனானவை. நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்களில் பெரும்பகுதி சிக்கிக்கொள்கின்றன. மூளைக்கென்று அனுப்பியது முதலில் இறங்குவது நெஞ்சில். இதயத் தசைக்குள் நேராக ஊசி போட்டாலும், துடிக்கும் தசை அதைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். முதல் சில நாட்களிலேயே பெரும்பாலானவை அங்கே இருப்பதில்லை.

குறி பார்த்துப் போட்ட ஊசிகூடத் தவறலாம். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள எட்டுப் பேருக்கு ஒரு சிகிச்சை செய்தார்கள். 2005இல் அதன் முடிவு வெளிவந்தது. அவர்கள் பயன்படுத்தியது ஸ்டெம் செல் அல்ல, நோயெதிர்ப்பைத் தூண்டும் டென்ட்ரிட்டிக் கலம். எம்.ஆர்.ஐ.யில் அடையாளம் தெரிவதற்காக அதில் இரும்புத் துணிக்கையை ஏற்றி, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே நிணநீர்க்கணுவுக்குள் ஊசி போட்டார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் நான்கு பேருக்குத்தான் கணுவுக்குள் போயிருக்கிறது. மற்ற நான்கு பேருக்குப் பக்கத்துக் கொழுப்பில். கைதேர்ந்தவர்கள், கண்ணால் பார்த்துப் போட்டது! ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால் அந்த நான்கு பேரையும் “மருந்து வேலை செய்யவில்லை” என்ற கணக்கில் சேர்த்திருப்பார்கள். மருந்து போய்ச் சேரவே இல்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

கலத்துக்குள் இரும்பை எப்படிப் போடுகிறார்கள்?

வெளியே எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்க்கும்போது, கலம் நீந்தும் போசணைத் திரவத்தில் இரும்பு ஒட்சைட்டு நனோதுணிக்கைகளைக் கலந்து சில மணி நேரம் அல்லது ஓர் இரவு விட்டுவிடுவார்கள். துணிக்கையின் நடுக்கரு சில நனோமீற்றர். மேலே டெக்ஸ்டிரான் போன்ற சர்க்கரைப் பூச்சு. பூச்சோடு சேர்த்து, வகையைப் பொறுத்து ஏறக்குறைய 30 முதல் 150 நனோமீற்றர். தலைமுடியின் தடிப்பு 80,000 நனோமீற்றர் அளவு என்பதை வைத்து நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஸ்டெம் செல் இலகுவில் விழுங்காது. கலத்தின் மேற்பரப்பும் பூச்சும் ஒன்றையொன்று தள்ளும். அதனால் புரோட்டமின் சல்பேற்று சேர்ப்பார்கள். இதய அறுவைச் சிகிச்சை முடிந்ததும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரினை முறிக்கக் கொடுக்கும் அதே மருந்துதான். அது துணிக்கையோடு ஒட்டி, கலம் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்கிறது.

ஏறியதா என்று பார்க்க பிரசியன் நீலச் சாயம் போடுவார்கள். இரும்பு இருக்கும் இடம் நீலமாக மாறும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கருவைச் சுற்றிச் சலவை நீலத்தைத் தெளித்ததுபோல் இருக்கும். அழகான காட்சி அது.

சாதாரண இரும்புத் தூளைப் போட்டால் என்ன?

தேயிலை ஃபெக்டரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ரோதையில் தேய்ந்து தேயிலையோடு கலக்கும் இரும்புத் தூளைப் பிடிக்கக் காந்தம் வைத்திருப்பார்கள். அந்தத் தூள் காந்தத்தைத் தொட்ட பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். குருதிக்குழாய்க்குள் அப்படிக் கொத்தானால் ஆபத்து. இரும்பு ஒட்சைட்டை ஏறக்குறைய 20 நனோமீற்றருக்குக் கீழே கொண்டுபோனால் அதன் குணம் மாறிவிடுகிறது. காந்தப் புலம் இருக்கும்வரை பலமான காந்தம். புலத்தை எடுத்தால் ஒன்றுமில்லை, ஒன்றையொன்று இழுப்பதும் இல்லை. மீப்பரகாந்தத் தன்மை என்பது இதுதான்.

இவ்வளவு சின்னத் துணிக்கை ஸ்கேனில் எப்படித் தெரியும்?

துணிக்கை தெரியாது. அது கெடுத்த இடம் தெரியும்.

ஒரு தடவை எனக்கே நடந்தது. பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து நெஞ்சு முள்ளந்தண்டு ஸ்கேனுக்கு ஒரு அம்மா வந்தார். தாலி, தோடு, மூக்குத்தி, தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகள் எல்லாம் கழற்றியாயிற்று. ஆஸ்பத்திரிச் சட்டையை மாற்றச் சொன்னபோது, குளிருக்கு உள் ரவிக்கையை மட்டும் கழற்றாமல் விட்டுவிட்டார். நானும் தொட்டுப் பார்க்கவில்லை, என் பிழைதான். படம் வந்தபோது நடுமுதுகில் ஒரு பெரிய கறுப்புக் குழி, ஓரத்தில் வெள்ளைக் கோடு. முள்ளந்தண்டில் இரண்டு மூன்று எலும்பு காணாமல் போயிருந்தன! அம்மாவை வெளியே எடுத்துப் பார்த்தால் முதுகில் ஒரேயொரு கொக்கி, அரிசி மணி அளவு. “இத்துணூண்டு கொக்கிக்கா பிள்ளை இவ்வளவு கூத்து” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு சின்ன இரும்பு என்பதால் தப்பித்தோம்.

நடந்தது இதுதான். எம்.ஆர்.ஐ. பார்ப்பது உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் கருக்களை. 1.5 அல்லது 3 டெஸ்லா வலுவுள்ள காந்தப் புலத்தில் அவை ஒரே தாளத்தில் சுழல வேண்டும். பக்கத்தில் இரும்பு இருந்தால் அங்கே புலம் கோணலாகி, தாளம் தப்பி, சமிக்ஞை அணைந்துவிடும். அணையும் பரப்பு இரும்பைவிடப் பல மடங்கு பெரியது. கலத்துக்குள் உள்ள துணிக்கைக்கும் இதே கதைதான். ஒரு கலத்தின் விட்டம் 20 மைக்ரோமீற்றர் அளவு, நாம் எடுக்கும் படத்தின் ஒரு புள்ளி ஒரு மில்லிமீற்றர் அளவு. கலத்தைத் தனியாகக் காண வழியில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து இருந்தால் அவற்றின் நிழல் கரும்புள்ளியாக விழும். ஆய்வுகூடங்களில் அதிவலுக் காந்தத்தில் எலிகளுக்குள் ஒற்றைக் கலத்தையே காட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஸ்கேனரிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

கரும்புள்ளி தெரிந்தால் கலம் உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் பதியும் விடியக்காலைப் பிரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிரட்டுக்களத்தில் நின்றவருக்குச் செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், பேர் விழும். அதற்காக அவர் மலையில் கொழுந்து எடுக்கிறார் என்று யாராவது சொல்வார்களா? பாதி வழியில் காய்ச்சல் வந்து திரும்பியிருக்கலாம். கொழுந்து நிறுக்கும்போதுதான் உண்மை தெரியும். இரும்புத் துணிக்கை செக்ரோலில் விழுந்த பேர் மாதிரி. கலம் செத்தாலும் இரும்பு சாகாது.

செத்த கலத்தை மேக்ரோஃபேஜ் என்ற தின்னும் கலம் விழுங்கும். விழுங்கும்போது இரும்பும் அதன் வயிற்றுக்குள் போகும். மேக்ரோஃபேஜ் அதே இடத்தில் நிற்பதால், கரும்புள்ளியும் அதே இடத்தில் நிற்கும். எலிகளின் இதயத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் ஸ்கேனில் கறுப்பு அழகாகத் தெரிந்தது. வெட்டிப் பார்த்தால் வைத்த கலம் ஏறக்குறைய இல்லை, இரும்பு முழுக்க மேக்ரோஃபேஜுக்குள். உயிருள்ள கலத்தை வைத்தாலும், வேண்டுமென்றே கொன்ற கலத்தை வைத்தாலும் படம் ஒரே மாதிரி இருந்தது.

நேர்மாறாகவும் ஏமாற்றும். கலம் நன்றாகப் பிழைத்துப் பெருகினால் இரும்பு பங்கு பிரிந்துபோகும். பத்து பிக்கோகிராம் (ஒரு பிக்கோகிராம் என்பது கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இரும்போடு தொடங்கிய கலம் ஐந்து தடவை பிரிந்தால் ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம். கறுப்பு மங்கி மறைந்துவிடும். ஆகப் புள்ளி மறைந்தது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, பழைய இரத்தக் கசிவும் காற்றுக் குமிழும் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாகத்தான் தெரியும். ஊசி போட்ட இடத்தில் கொஞ்சம் இரத்தம் கசிந்திருந்தால் எது கலம், எது கசிவு என்று பிரிப்பது பெரிய தலைவலி.

அப்படியானால் எதற்குத்தான் உதவும்? முதல் நாளுக்கு. ஊசி சரியான இடத்தில் இறங்கியதா என்பதை நன்றாகக் காட்டும். நைமேகனில் காட்டியது அதைத்தான். மூன்றாம் மாதம் எடுத்த படத்தைக் காட்டி “பாருங்கள், உங்கள் ஸ்டெம் செல்கள் வேலை செய்கின்றன” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உடம்புக்குள் இரும்பு போனால் கெடுதி இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கலத்தில் 10 பிக்கோகிராம் என்று வைத்தால், ஒரு கோடிக் கலத்துக்கு 0.1 மில்லிகிராம். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் இரும்பு. வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு ஏற்கெனவே இருக்கிறது. உடம்புக்கு இந்த அளவு தூசு. துணிக்கை மெல்லக் கரைந்து குருதிக்கான இரும்போடு சேர்ந்துவிடும்.

கலத்துக்கு அப்படியல்ல. ஒரு செங்குருதிக் கலத்தில் உள்ள இரும்பு 0.1 பிக்கோகிராம் அளவு. அதைப்போல நூறு மடங்கை ஸ்டெம் செல்லின் தலையில் சுமத்துகிறோம். பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. ஆனால் மெசென்கைமல் கலம் குருத்தெலும்பாக மாறும் திறன் இரும்பேற்றினால் குறைகிறது என்று 2004இலேயே காட்டியிருக்கிறார்கள். கொழுப்பாகவும் என்பாகவும் மாறும் திறன் குறையவில்லை. முழங்காலுக்கு வேண்டியதோ குருத்தெலும்பு! கலம் எங்கே போகிறது என்று பார்க்கப் போய் அது செய்ய வேண்டிய வேலையையே கெடுப்பது நியாயமில்லை.

எம்.ஆர்.ஐ. காந்தம் அந்தக் கலங்களை இழுத்துக்கொண்டு போய்விடாதா?

போகாது. காந்தம் ஒன்றை இழுக்க, புலம் இடத்துக்கு இடம் மாற வேண்டும். குழாயின் நடுவில், நீங்கள் படுத்திருக்கும் இடத்தில், புலம் சீரானது. வாசலில்தான் சரிவு அதிகம். சாவியும் ஒட்சிசன் சிலிண்டரும் பறப்பது அங்கேதான். கலத்தில் உள்ள பிக்கோகிராம் இரும்பு திசுவின் பிடியை மீறாது.

மனிதர்களில் ஸ்டெம் செல்லையே இப்படிப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், விரல் விட்டு எண்ணும் அளவில். ஷாங்காயில் தலையில் காயம்பட்ட நோயாளிகளின் மூளைத் திசுவிலிருந்தே நரம்பு ஸ்டெம் செல்லை வளர்த்து, இரும்பேற்றித் திருப்பி வைத்தார்கள். 2006இல் வெளிவந்த அறிக்கையில், ஊசி போட்ட இடத்தின் கறுப்பு அடுத்த வாரங்களில் காயத்தின் விளிம்பை நோக்கி நகர்வதைக் காணலாம். அது கலம் நடந்து போனதா, இரும்பை மட்டும் யாராவது தூக்கிப் போனார்களா? கரும்புள்ளி பற்றிய பதிலைப் படித்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் வரவில்லை?

அறிவியல் காரணங்களைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று சந்தைக் காரணம். எல்லாரும் பயன்படுத்திய துணிக்கை ஃபெரிடெக்ஸ். ஈரல் கட்டிகளைக் காட்டுவதற்காக அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்றது. விற்பனை போதாமல் 2008இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். கலம் தேடும் ஆராய்ச்சியாளர்கள் அதை நம்பியே பத்து வருடம் வேலை செய்திருந்தார்கள். கடையை மூடியதும் கை வெறுங்கையாகிவிட்டது.

பிறகு ஃபெருமொக்சிட்டோலுக்கு மாறினார்கள். அது 2009இல் சிறுநீரக நோயாளிகளின் இரத்தச்சோகைக்காக அனுமதி பெற்ற இரும்பு ஊசி. இரும்பு ஒட்சைட்டு நனோதுணிக்கையேதான். தனியாக அது கலத்துக்குள் சரியாக ஏறாது. ஹெபரின், புரோட்டமின் இரண்டோடும் சேர்த்தால் ஏறும். நாளத்தில் ஏற்றும்போது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை சிலருக்கு வந்ததால், 2015இல் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது.

இதைவிட நல்ல வழி இருக்கிறதா?

எனக்கு ஆசை காந்தத் துணிக்கைப் படமாக்கல் மேல். பிலிப்ஸ் நிறுவனத்தின் ஹாம்பர்க் ஆய்வுகூடத்தில் பேர்ண்ஹார்ட் கிளைக், யூர்கன் வைசெனெக்கர் இருவரும் 2005இல் வெளியிட்டது. அதில் ஐதரசனைப் பார்ப்பதில்லை. துணிக்கையையே நேராகப் பார்க்கிறார்கள். உடம்பு இருட்டு, துணிக்கை மட்டும் வெளிச்சம். இரவில் எதிர்மலையில் லயத்து லைட்டுகள் தெரிவதுபோல. எவ்வளவு இரும்பு என்று அளவும் சொல்லும். ஆனால் மலை தெரியாது, லைட்டு மட்டும்தான் தெரியும். எந்த உறுப்பு என்று அறிய சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்து அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எலி அளவுக் கருவிகள் விற்பனையில் உள்ளன. மனிதத் தலை அளவுக் கருவியை ஹாம்பர்க்கில் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். இதிலும் உயிர், சாவு பிரியாது; பார்ப்பது அதே இரும்பைத்தான்.

புளோரின் ஏற்றி எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பது இன்னொன்று. மென்திசுவில் இயல்பாகப் புளோரின் ஏறக்குறைய இல்லாததால் குழப்பம் குறைவு. ஆனால் கலம் நிறைய வேண்டும். இந்தியம்-111 போன்ற கதிரியக்கக் குறி மிகக் கூர்மையானது. அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம் (அரை ஆயுள்) 2.8 நாள் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் அதிகம் பார்க்க முடியாது. கலத்தின் மரபணுவிலேயே அடையாளம் வைத்தால் செத்த கலம் காட்டாது. பிரட்டுச் சிக்கலுக்குச் சரியான தீர்வு அதுதான். மரபணுவைத் தொடுவதால் மனிதருக்குக் கொண்டுவருவது கடினம்.

என் தங்கச்சிக்குத் தலசீமியா. மாதா மாதம் இரத்தம் ஏற்றுகிறோம். அவளுக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் இதுதானா?

தத்துவம் ஒன்றுதான், தம்பி. ஏற்றும் இரத்தத்தோடு வரும் இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. படிந்த இடத்தில் சமிக்ஞை சீக்கிரம் அணையும். எவ்வளவு சீக்கிரம் என்பதை அளந்து டி2 ஸ்டார் என்று மில்லிசெக்கனில் எழுதுவோம். இதயத்தில் 20க்கு மேல் இருந்தால் நல்லது. 10க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். ரிப்போட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தங்கச்சி விடாமல் எடுக்கிறாளா என்பது அந்த எண்ணில் தெரியும். ஸ்டெம் செல் தேடுவது ஆய்வுகூடத்தோடு நிற்க, அதே இயற்பியல் இங்கே தினமும் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது.

மாமாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்தியாவில் ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்கிறார்கள். போகலாமா?

நான் டொக்டர் இல்லை. போ, போகாதே என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட 2017ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, நிலைநாட்டப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை என்பது குருதி சார்ந்த நோய்களுக்கான மச்சை மாற்றுச் சிகிச்சைதான். மற்றதெல்லாம் பதிவு செய்த ஆய்வுக்குள் மட்டும். ஆய்வு என்றால் நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. ஆகவே மாமா கேட்க வேண்டியது: இது பதிவு செய்த ஆய்வா, பதிவு இலக்கம் என்ன, எந்தக் கலம், போன இடத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? கேட்டதும் எரிந்து விழுந்தால் அதுவும் ஒரு பதில்தான். நகையை அடகு வைக்கும் முன்னால் கேளுங்கள், பிறகு அல்ல.

இந்தத் துறையில் சேர என்ன படிக்க வேண்டும், மிஸ்?

பௌதிகவியலை விட்டுவிடாதீர்கள். விஞ்ஞானப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராபி பட்டப்படிப்பு இருக்கிறது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம் என்று நினைக்காதீர்கள், நான் நினைத்து முதல் மாதமே களைத்துப்போனேன்.

இரும்பு ஊசி போட்டவர்கள் ஸ்கேனுக்கு வரும்போது சொல்ல வேண்டுமா?

கட்டாயம். ஃபெருமொக்சிட்டோல் போட்டிருந்தால் மூன்று மாதம் வரைக்கும் எம்.ஆர்.ஐ. படத்தை மாற்றிக் காட்டலாம் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. வேறு இரும்பு ஊசி என்றாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். மருந்தின் பெயர் நினைவில்லாவிட்டால் கிளினிக் கொப்பியைக் கொண்டுவாருங்கள், தேதியை நாங்களே பார்த்துக்கொள்வோம். உள் ரவிக்கையையும் கழற்றிவிடுங்கள். குளிர்ந்தால் கேளுங்கள், கம்பளி தருகிறோம்.